நெடும்பயணம் கற்பிக்கும் நிதானம்

நுழையும்முன்

சாலையில் விரைந்து செல்வோரைக் கண்டு பலரும் வியக்கின்றனர். நெடுந்தொலைவை நலமாகக் கடந்து வீடு திரும்புவோரை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மோட்டார் சைக்கிளில் மேற்கொள்ளும் நெடும்பயணம் ஒருவருடைய உள்ளத்தை எவ்வாறு பண்படுத்துகிறது, எப்போது பண்படுத்தத் தவறுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நடந்தோரும் ஊர்ந்தோரும்

விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கு அருகில் அமைந்துள்ள ஊர் தொண்டூர். அவ்வூரின் பாறைக் குகையில், சமணத் துறவியருக்கெனச் செதுக்கப்பட்ட கற்படுக்கைகள் உள்ளன. தமிழி எழுத்தில் பொறித்த கல்வெட்டும் அங்கே காணப்படுகிறது. சமணத் துறவியர் ஊர்தி எதிலும் ஏறாதவர்கள். ஊர் ஊராக நடந்தே செல்பவர்கள். மழைக்காலத்தின் நான்கு திங்கள் மட்டும் ஓரிடத்தில் தங்குவது அவர்களது நெறி. வாழ்நாள் முழுதும் நடந்தவர்களின் நினைவாக இன்று எஞ்சியிருப்பது அவர்கள் நடந்த வழி அன்று; அவர்கள் இளைப்பாறிய கல்லே ஆகும். நெடுந்தொலைவு சென்றவர்கள் நிற்கவும் அறிந்திருந்தார்கள் என்பதற்கு அக்கற்கள் சான்றாகின்றன.

துறவியர் நடந்த அதே நிலப்பகுதியில் இன்று நெடுஞ்சாலை செல்கிறது. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் அச்சாலை, செஞ்சிக் கோட்டையின் மலைகளை ஒட்டியே அமைந்துள்ளது. அதில் மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞர்களை இரு வகையினராகப் பிரிக்கலாம். ஒரு வகையினர், அடுத்த வளைவிற்குள் முன்செல்லும் ஊர்தியை முந்திவிட வேண்டும் என்று முடுக்குபவர்கள். மற்றொரு வகையினர், பல நூறு கிலோமீட்டர் கடக்க வேண்டும் என்பதை மனத்திற்கொண்டு சீராகச் செல்பவர்கள். இருவரிடமும் இருப்பது ஒரே வகையான எந்திரம்தான். ஆயினும் பயணம் வளர்ப்பது இரண்டாமவரையே. காரணம், நெடும்பயணம் கேட்கும் முதன்மையான பண்பு துணிச்சல் அன்று. தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் ஆற்றலே.

குதிரையும் எந்திரமும்

செஞ்சி என்றவுடன் தமிழர் நினைவிற்கு வருபவன் தேசிங்குராசன். 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்துப் போரிட்டு, இளம் வயதிலேயே உயிர்துறந்தவன் அவன். அவனைப் பற்றிய கதைப்பாடலில் அவனுடைய குதிரைக்குச் சிறப்பான இடம் உண்டு. அக்காலத்தில் நெடுவழி செல்வோர் குதிரையின் மூச்சையும் வியர்வையையும் கவனித்தே பயணத்தை அளந்தனர். குதிரை களைத்தால் நடை தளரும். மேலும் வற்புறுத்தினால் நின்றுவிடும். சுமந்து சென்ற உயிரே, ஏறியிருந்தவருக்கு எல்லையை உணர்த்தியது.

எந்திரத்திற்கு அந்த இயல்பு இல்லை. எரிபொருள் இருக்கும்வரை அது ஓடும். ஓட்டுபவரின் கண்கள் செருகினாலும், கைகள் மரத்தாலும் அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளாது. எனவே, குதிரையிடம் இருந்த களைப்பறியும் பொறுப்பு முழுவதும் இப்போது மனிதனிடம் வந்து சேர்ந்துள்ளது. தன் உடல் எப்போது தளர்கிறது, தன் கவனம் எப்போது சிதறுகிறது என்று தன்னையே உற்றுநோக்கும் பழக்கம் இல்லாதவர் நெடும்பயணம் செய்ய இயலாது. இந்தத் தன்னறிவே நெடும்பயணம் தரும் முதற்பாடம்.

கணக்குச் சொல்லும் உண்மை

அமெரிக்காவில் தோன்றிய 'அயர்ன் பட்' என்னும் நெடுந்தொலைவு ஓட்டுநர் சங்கம், உலகெங்கும் அறியப்பட்ட ஒரு சோதனையை நடத்துகிறது. 24 மணி நேரத்திற்குள் 1000 மைல், அதாவது ஏறத்தாழ 1,609 கி.மீ. தொலைவைக் கடக்க வேண்டும். கேட்பவருக்கு இது பெருவேகச் செயலாகத் தோன்றும். ஆனால், கணக்கிட்டுப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு 67 கி.மீ. மட்டுமே. நம் நாட்டின் நான்குவழி நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு 2018இல் வரையறுக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. ஆகும்.

மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் பறந்துவிட்டு அரைமணிக்கு ஒருமுறை தேநீர்க் கடையில் பொழுதைக் கழிப்பவர், மணிக்கு 75 கி.மீ. வேகத்தில் சீராகச் செல்பவரிடம் தோற்றுப்போவார். உணவு, எரிபொருள், ஓய்வு ஆகியவற்றை முன்கூட்டியே திட்டமிடுவோரே அச்சோதனையை நிறைவு செய்கின்றனர். உறக்கம் வந்தால் உடனே நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும் என்பதே அச்சங்கம் வலியுறுத்தும் அறிவுரை. எனினும், ஒரு பகலும் ஓர் இரவும் தொடர்ந்து ஓட்டுவது தேர்ந்த அனுபவம் உடையோருக்கும் இடர் மிகுந்தது. அச்சோதனையிலிருந்து இளையோர் கொள்ளத்தக்கது அதன் திட்டமிடலை மட்டுமே.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் நகர்கிறது. ஓட்டுபவர் மூன்று நொடி கண்ணயர்ந்தால் 50 மீட்டர் தொலைவு யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாமல் கழிகிறது. வேகம் இரு மடங்கானால், தடையை அழுத்தியபின் ஊர்தி நிற்க வேண்டிய தொலைவு நான்கு மடங்காகிறது. பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலில் உள்ள இவ்வுண்மையைத் தேர்வுத்தாளில் எழுதத் தெரிந்தவர் பலர். சாலையில் நினைவிற்கொள்பவர் சிலர்.

மலை தரும் பாடம்

இந்தியாவில் மோட்டார் சைக்கிள் பயணிகள் பெரிதும் விரும்பும் இடம் லடாக். லே நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு வடக்கே உள்ள கர்துங் லா கணவாய் 5,359 மீட்டர் உயரம் கொண்டது. அவ்வுயரத்தில் மூச்சில் கிடைக்கும் உயிர்வளி, கடற்கரையில் கிடைப்பதில் பாதியளவே இருக்கும். தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் ஆகியன தோன்றலாம். ஆகவே, லே நகரை அடைந்ததும் ஓரிரு நாள்கள் ஓய்வெடுத்து, உடலைப் பழக்கிய பின்னரே மேலேற வேண்டும் என மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். அறிகுறிகள் கடுமையானால் உடனே கீழிறங்க வேண்டும்.

கன்னியாகுமரியிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டி வந்த ஒருவர், கணவாய்க்குச் சற்றுக் கீழே திரும்ப நேர்வதை எண்ணிப் பார்க்கலாம். உச்சியில் நின்று எடுக்க எண்ணிய ஒளிப்படம் கிடைக்காது. நண்பர்கள் கேலி செய்யவும்கூடும். ஆயினும், 'இன்று இயலாது' என்று தனக்குத் தானே சொல்லித் திரும்புபவர், உச்சியை அடைந்தவரைவிடப் பெரிய பாடம் ஒன்றைக் கற்றுக்கொண்டவர் ஆகிறார். தேர்விலும் தொழிலிலும் வாழ்விலும் பின்வாங்க வேண்டிய தருணங்கள் வரும். அவற்றை இழிவாகக் கருதாத மனநிலையை அவர் பெற்றுவிடுகிறார்.

பழுதும் பிறர் துணையும்

தெரசா வாலக், புளோரன்சு பிளெங்கிரான் என்னும் இங்கிலாந்துப் பெண்கள் இருவர், 1934 டிசம்பரில் இலண்டனிலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, சகாராப் பாலைவனத்தைக் கடந்து, 1935 சூலையில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரை அடைந்தனர். பெண்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதே வியப்பாகக் கருதப்பட்ட காலம் அது. வாலக் பொறியியல் பயின்றவர். பாலைமணலில் எந்திரம் பழுதானபோது அதைச் சீர்செய்யும் அறிவும் பொறுமையும் அவர்களுக்குத் துணைநின்றன.

டெட் சைமன் என்னும் பத்திரிகையாளர் 1973இல் இலண்டனிலிருந்து புறப்பட்டு, இந்தியா உட்படப் பல நாடுகளின் வழியே உலகைச் சுற்றினார். நான்கு ஆண்டுகளில் அவர் கடந்தது ஏறத்தாழ ஒரு இலட்சம் கிலோமீட்டர். நாளொன்றுக்குக் கணக்கிட்டால் 70 கி.மீ. அளவே ஆகும். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலைக்குச் சென்று திரும்பும் தொலைவிற்கு அது ஒப்பானது. எஞ்சிய பொழுதெல்லாம் மனிதர்களோடு கழிந்தது.

1952இல் எர்னஸ்டோ சே குவேராவும் அவருடைய நண்பர் ஆல்பர்ட்டோ கிரனாடோவும் ஒரு பழைய நார்ட்டன் மோட்டார் சைக்கிளில் தென்னமெரிக்கப் பயணத்தைத் தொடங்கினர். சிலி நாட்டில் அவ்வண்டி பயன்படாமற்போயிற்று. அதன்பின் அவர்கள் நடந்தும், சரக்குந்துகளில் இடம் கேட்டும் சென்றனர். செப்புச் சுரங்கத் தொழிலாளரின் வறுமையையும், பெரு நாட்டில் தொழுநோயாளர் வாழ்ந்த குடியிருப்பையும் அவர்கள் கண்டது வண்டியை இழந்த பிறகே. மருத்துவ மாணவராக இருந்த சே குவேராவின் உள்ளத்தை மாற்றியவை அக்காட்சிகள்தாம். வண்டி ஒருவரைப் புதிய இடத்திற்குக் கொண்டு சேர்க்கும். அங்குள்ள மனிதர்களே அவரைப் புதியவராக்குகின்றனர்.

போட்டியிலும் இப்பண்பு வெளிப்படுவதுண்டு. பாலைவனங்களில் பல நாள்கள் நடைபெறும் டக்கார் பந்தயத்தை முழுமையாக நிறைவு செய்த முதல் இந்தியர், பெங்களூரைச் சேர்ந்த சி.எஸ். சந்தோஷ். 2015இல் அவர் பெற்றது 36ஆம் இடம். இந்தியர் எவரும் அதுவரை முடித்திராத பந்தயத்தில், முடிப்பதே வெற்றியாகப் போற்றப்பட்டது. 2020இல் சவுதி அரேபியாவில் நடந்த அதே பந்தயத்தில் போர்ச்சுகல் வீரர் பாலோ கொன்சால்வஸ் விழுந்து கிடந்தபோது, முந்தைய ஆண்டின் வாகையரான டோபி பிரைஸ் தம் வண்டியை நிறுத்தி அவருக்கு உதவ முனைந்தார். கொன்சால்வஸ் உயிர்பிழைக்கவில்லை. ஆயினும், நொடிகளுக்காக ஓடும் பந்தயத்திலும் பிறர் உயிருக்காக நிற்க வேண்டும் என்னும் அறத்தை அச்செயல் காட்டியது.

தெரிந்து தெளிவோம்

இந்திய நெடும்பயணத்தோடு இணைத்துப் பேசப்படும் 'புல்லட்' மோட்டார் சைக்கிளின் வரலாறு தமிழ்நாட்டோடு தொடர்புடையது. எல்லைக் காவற்பணிக்காக இந்தியப் படைக்கு இவ்வண்டிகள் வாங்கப்பட்டன. 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தோடு இணைந்தது. சென்னைத் திருவொற்றியூரில் அதன் ஆலை அமைந்தது.

மறுப்புகளும் விடைகளும்

நெடும்பயணத்தை எதிர்ப்போர் கூறும் கருத்துகளையும் ஆராய வேண்டும். பேருந்தும் தொடர்வண்டியும் இருக்கும்போது எரிபொருளை ஏன் வீணாக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. இது பொருட்படுத்தத்தக்கதே. நோக்கமற்றுச் சுற்றுவதும், ஒளிப்படத்திற்காகவே ஓடுவதும் வீண்செலவுதான். ஆண்டுக்கு ஒருமுறை திட்டமிட்டுச் செய்யும் பயணத்தை அதனோடு ஒன்றாக வைத்தல் பொருந்தாது.

இதைவிட வலிமையான மறுப்பு உயிர் பற்றியது. நடுவணரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர ஊர்திகளில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் மட்டும் ஐம்பதாயிரம் பேர். இறப்புகளில் பத்தில் ஏழிற்கு அதிவேகமே காரணமாகக் காட்டப்பட்டுள்ளது. அவ்வாண்டில் விபத்துகளின் எண்ணிக்கை மிகுந்த மாநிலம் தமிழ்நாடு. நெடும்பயணம் ஆளுமையை வளர்க்கும் என்று பேசும் எவரும் இவ்வெண்களை ஒதுக்கிவிட்டுப் பேசுதல் முறையன்று. இவற்றை நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. மோட்டார் சைக்கிள் தானாக எவரையும் பண்படுத்துவதில்லை. அடக்கத்தோடு ஏறுபவரிடம் அடக்கத்தையும், செருக்கோடு ஏறுபவரிடம் செருக்கையும் அது மிகுவிக்கிறது.

இளையோர் இன்று செய்யத்தக்கவை

மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிறைவடைந்தவரே மோட்டார் சைக்கிள் ஓட்டலாம். 16 வயதினர்க்கு 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே உரிமம் உண்டு. 2019ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் தண்டமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு ஓராண்டிற்கு நீக்கப்படும். அச்சிறுவர் 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் பெற இயலாது. தந்தையின் வண்டியை ஒரு மாலைப்பொழுதிற்கு எடுத்துச் செல்வதன் விலை ஒரு குடும்பத்தின் நிம்மதியாக இருக்கலாம்.

அதற்காக, இரண்டு ஆண்டுகளை வீணே கழிக்க வேண்டியதில்லை. நெடும்பயணத்திற்குரிய பண்புகளை வண்டி இல்லாமலேயே பழகலாம். மிதிவண்டியில் நாற்பது கிலோமீட்டர் செல்வோர் நீர் அருந்தும் அளவையும் ஓய்வின் தேவையையும் அறிந்துகொள்வர். திருவண்ணாமலையின் 14 கி.மீ. கிரிவலப் பாதையை நடந்து முடிப்போர் தம் காலின் வலிமையை அறிவர். செஞ்சியின் இராசகிரி ஏறத்தாழ 240 மீட்டர் உயரம் கொண்டது. நண்பர்களுள் மிகவும் மெதுவாக ஏறுபவரின் நடைக்கேற்ப எல்லோரும் அம்மலையில் ஏறினால், குழுவாகப் பயணம் செய்யும் முறை கைவரும். பழுதுபார்ப்போரின் அருகில் இருந்து, சங்கிலிக்கு எண்ணெய் இடுதல், டயரில் காற்றின் அளவைப் பார்த்தல், பஞ்சர் ஒட்டுதல் ஆகியவற்றைக் கற்கலாம். உரிமம் பெற்றபின் வேகத்தையே விரும்புவோருக்குப் பயிற்சியும் பாதுகாப்பும் உள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தளம் இருக்கிறது. பொதுச்சாலை அதற்குரிய இடம் அன்று.

மணிக்கட்டைச் சற்றே திருப்பினால் எந்திரம் விரைகிறது. அதற்குப் பெரிய பயிற்சி எதுவும் தேவையில்லை. களைப்பை ஒப்புக்கொள்வதற்கும், விழுந்தவருக்காக நிற்பதற்கும், இயலாத இடத்தில் திரும்புவதற்கும்தான் நெடுநாள் பயிற்சி தேவை. அப்பயிற்சியைப் பெற்றவர் எத்தனை கிலோமீட்டர் கடந்தார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அவர் நலமாகத் திரும்பி வருவார் என்னும் நம்பிக்கை இருக்கும். அந்த நம்பிக்கைக்கு உரியவராக வளர்வதே நெடும்பயணத்தின் பயன்.