கொதி வந்ததும் வைக்கோலுக்குள் வையுங்கள்!

மரக்காணம் பக்கத்துச் சமையல்கட்டுகளில் அடுப்பு எரிவது பாதி பாத்திரத்துக்கு, பாதி கடற்காற்றுக்கு! சவுக்கு விறகானாலும் சரி, காஸ் ஆனாலும் சரி, காற்று தீயைப் பக்கவாட்டில் தள்ளினால் சூடு வீண்தான். அதற்காக ஜன்னலை இறுக மூடிவிடாதீர்கள், சகோதரிகளே. கசிகிற காஸ் காற்றைவிடக் கனமானது; தரையோடு தங்கிவிடும். அடுப்பை ஜன்னலுக்கு நேரே வைக்காமல் சுவரோரம் நகர்த்தினாலே போதும். உப்புக் காற்றில் பர்னரில் துருவோ களிம்போ ஏறித் துவாரம் அடைபடும். தீ மஞ்சளாக எரிந்தால் உடனே சுத்தம் செய்யுங்கள்.

கொதி வந்த தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. தளதளவென்று கொதிக்க விட்டால் சீக்கிரம் வெந்துவிடும் என்பது நம் நினைப்பு. ஆவிதான் வீணாகப் போகிறது. அந்தச் சூட்டைப் பிடித்து வைத்தால் தீ இல்லாமலே வேகும். இந்த யோசனையில் செய்த சமையல் பெட்டி 1867-லேயே நார்வேயிலிருந்து பாரிஸ் கண்காட்சிக்குப் போனதாம்!

நமக்கு மூங்கில் கூடை போதும். அடியிலும் சுற்றிலும் அரைச் சாண் கனத்துக்கு வைக்கோலைத் திணியுங்கள். மேலே மூட பழைய புடவையில் வைக்கோல் அடைத்த தலையணை. புழுங்கல் அரிசியை ஊற வைத்து, உலை கொதித்ததும் பத்து நிமிடம் வேக விட்டு, திறக்காமல் கூடையில் இறக்குங்கள். ஒரு மணி நேரத்தில் பதமாகிவிடும். பிறகு கஞ்சி வடிக்கலாம். ஊறிய துவரம்பருப்புக்குப் பதினைந்து நிமிடக் கொதியும் இரண்டு மணி நேரமும் வேண்டும். பாத்திரம் முக்கால்வாசியாவது நிறைந்திருக்கணும். கொஞ்சமாக வைத்தால் சூடு நிற்காது. விறகடுப்பிலிருந்து இறக்கினால் அடியில் நெருப்புப் பொறி ஒட்டியிருக்கப் போகிறது, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

விடியுமுன் உப்பளத்துக்குக் கிளம்புகிற தாய்மார்களுக்கு இது பெரிய உபகாரம். எரிகிற அடுப்பைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுப் போக வேண்டாமே! ஆனால் ஒன்று: மூடியைத் திறக்கும்போது ஆவி பறக்கணும். வெதுவெதுப்பில் மணிக்கணக்காகக் கிடந்த சாதத்தில் கிருமி பெருகும். அது விடுகிற விஷம், திரும்பச் சுட வைத்தாலும் போகாது. அப்படிப்பட்டதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது. பால், கைக்குழந்தையின் கஞ்சி இரண்டையும் இந்தக் கூடையில் வைக்காதீர்கள்.

நம் ஊர்க் காற்றில் வைக்கோல் சீக்கிரம் நமுத்துப் போகும். நமுத்த வைக்கோலில் சூடு தங்காது. வாரம் ஒருமுறை வெயிலில் உலர்த்துங்கள். பூசணம் தெரிந்தால் மாட்டுக்குக்கூடப் போடாமல் எருக்குழியில் கொட்டிவிட்டுப் புதிதாக அடையுங்கள்.