காணாமல் போன கட்டங்கள்!

குட்டீஸ்... பள்ளி ஆய்வகச் சுவரில், கட்டம் கட்டமாக ஒரு பெரிய அட்டவணை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். தனிம வரிசை அட்டவணை என்பது அதுதான். 2023ல் இது பத்திரிகைகளில் பெரிய செய்தியானது. சி.பி.எஸ்.இ., பள்ளிகளுக்காக என்.சி.இ.ஆர்.டி., வெளியிட்ட பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில், இந்தப் பாடம் நீக்கப்பட்டிருந்தது!

கொரோனாவுக்குப் பின் மாணவர்களின் சுமையைக் குறைக்கவே இந்த ஏற்பாடு. பதினொன்றாம் வகுப்பில் இதே பாடம் விரிவாக இருக்கிறது என்று விளக்கம் தந்தனர்.

சுமை குறைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால், அட்டவணை சுமையா என்ன? 118 தனிமங்களின் குணங்களையும் தனித்தனியே மனப்பாடம் செய்வதுதான் சுமை. அட்டவணையில், மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் உள்ளவை பெரும்பாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். சோடியம் தண்ணீரில் பட்டால் சீறும் என்று தெரிந்தால் போதும். அதற்கு நேர் கீழே உள்ள பொட்டாசியமும் சீறும் என்று பார்க்காமலேயே சொல்லிவிடலாம். அது இன்னும் வேகமாகவே சீறும்!

ரஷ்ய விஞ்ஞானி மெண்டலீவ், 1869ல் இந்த அட்டவணையை வெளியிட்டபோது, தெரிந்திருந்த தனிமங்கள் 63தான். பொருந்தாத இடங்களில் எதையாவது திணிக்காமல், காலியாக விட்டார். அலுமினியத்தை அடுத்த காலி இடத்துக்கு, 'ஏக அலுமினியம்' என்று பெயர் வைத்தார். 'ஏக' என்பது நம் நாட்டு சமஸ்கிருதச் சொல்; 'ஒன்று' என்று பொருள். அங்கே வரப்போகும் தனிமத்தின் அடர்த்தி 5.9 இருக்கும் என்றும் கணித்தார்.

1875ல் பிரான்ஸ் விஞ்ஞானி புவாபோத்ரான், அந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்தார். பெயர், காலியம். (காலி இடத்துக்கு வந்ததால் காலியம் என்று நினைத்துவிடாதீர்கள், பிரான்சின் பழைய லத்தீன் பெயர் காலியா!) அடர்த்தியை அளந்தார், 4.7 வந்தது. மறுபடியும் அளந்து பார்க்கும்படி மெண்டலீவ் சொன்னார். நன்றாகச் சுத்தப்படுத்தி அளந்தால்... 5.9! கையில் வைத்திருந்தவரின் கணக்கு தப்பு. கண்ணாலேயே பார்க்காதவரின் கணக்கு சரி. ஒரு படத்தை ஒழுங்காகப் போட்டதால் கிடைத்த பலன் இது.

சோடியத்துக்கு 'என்.ஏ.,' என்று எழுதுவதும் இப்படித்தான். 'நேட்ரியம்' என்ற லத்தீன் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் அவை. தமிழில் படித்தாலும், ஜப்பானிய மொழியில் படித்தாலும் குறியீடு மாறாது.

விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் 2023ல் கவலைப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. அமிலம், உலோகம், கார்பன் பாடங்கள் எல்லாம் அந்தப் பத்தாம் வகுப்பு புத்தகத்தில் அப்படியே இருந்தன. அவற்றைக் கோத்துக் காட்டும் படம் மட்டும் இல்லை. பத்தாம் வகுப்பை முடித்து வணிகவியல், வரலாறு என்று போகிறவர்கள், பதினொன்றாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தைத் திறக்கவே போவதில்லையே!

தமிழக அரசு 2018, 2019ல் வெளியிட்ட ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகங்கள் இரண்டிலும் இந்தப் பாடம் உண்டு. அவற்றைப் படித்தவர்கள், பிறகு எந்தப் பிரிவுக்குப் போயிருந்தாலும், அட்டவணையை ஒருமுறையாவது பார்த்துவிட்டுத்தான் போயிருப்பர்.