பூங்குழலியின் மெட்டைக் கேட்டவர் யார்?

'பொன்னியின் செல்வன்' படத்துக்கு ஏ. ஆர். ரஹ்மான் போட்டது சோழர் கால இசை அல்ல, ஆகவே நாவலை எழுதிய கல்கிக்குத் துரோகம் என்கிறார் நண்பர். சரி, சோழர் கால இசை எது ஐயா?

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் ராஜராஜன் நியமித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. அவர்கள் பாடிய மெட்டைக் கல் சொல்லவில்லை. இலங்கையில் மாதோட்டத்துத் திருக்கேதீச்சரக் கோயிலுக்குச் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பதிகங்கள் இருக்கின்றன. அங்கே இன்றும் அவை ஒலிக்கின்றன. ஆனால் இதே ஓசையில்தான் அன்றும் பாடினார்கள் என்று எந்த ஓதுவாரும் சத்தியம் செய்யமாட்டார்.

கல்கி மட்டும் என்ன செய்தார்? 'கர்நாடகம்' என்ற பெயரில் இசை விமர்சனம் எழுதியவர், 1945இல் வந்த 'மீரா' படத்துக்குப் பாட்டு எழுதியவர். 1950களில் நாவலின் படகோட்டிப் பெண் பூங்குழலிக்குப் பாட்டுக் கொடுத்தபோது தன் காலத் தமிழில்தான் கொடுத்தார். வாசகர் அவரவர் மனதில் மெட்டமைத்துக்கொண்டார்கள். நண்பரும் அமைத்திருப்பார், அதில் வயலின் இல்லாமலா இருந்திருக்கும்?

எனக்கும் ஒரு குறை உண்டு. நாவலில் கடல் அடங்கிக் கிடக்க, படகில் ஒருத்தி தனியே பாடுகிறாள். 2022இல் வந்த முதல் பாகத்தில் 'அலைகடல்' பாட்டுக்குப் பின்னால் வாத்தியங்கள் நிறைந்து நிற்கின்றன. அந்தத் தனிமை கொஞ்சம் கரைந்துதான் போனது. நண்பர் அதைக் கேட்டிருந்தால் நானும் கூடச் சேர்ந்து சண்டை போட்டிருப்பேன்.