பருத்தி ஊரில் ஃபோம் மெத்தை

பெரம்பலூர் கடைவீதியில் ஃபோம் மெத்தையையும் பெரிய டிவியையும் தவணைக்கு வாங்கி ஆட்டோவில் ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. பருத்திக்குப் பேர்போன மாவட்டம் இது. சித்திரை, வைகாசியில் கான்கிரீட் கூரை நள்ளிரவு தாண்டியும் அனல் கக்கும். அந்த அறையில் ஃபோம் முதுகுச் சூட்டை வெளியே விடாது. பஞ்சு மெத்தை என்றால் காற்றாடும். கட்டிதட்டினால் பிரித்து, வெயிலில் காயவைத்து, பஞ்சை அடித்து மறுபடி தைத்துக்கொள்ளலாம். மிச்சமாகிற காசில் முதலில் ஃபேனை மாற்றுங்கள். பழசு 75 வாட் வரை இழுக்கும், பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி ஃபேனுக்குச் சுமார் 30 வாட் போதும். 2023 முதல் சீலிங் ஃபேனுக்கும் மின்சிக்கன நட்சத்திரக் குறியீடு கட்டாயம். டிவிக்கு எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன்னால் ஃபேனில் அந்தக் குறியீட்டைப் பாருங்கள். விடிய விடிய ஓடப்போவது ஃபேன்தான்.