தெப்பக்குளத்துப் பழைய படம் எதற்குச் சாட்சி?

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைப் புகைப்படக் கலைஞர் லின்னேயஸ் டிரைப் 1858இல் எடுத்த படம் இது. நீர் நடுவே மைய மண்டபம். இத்தகைய படங்களைப் பார்த்ததும் பலர் சொல்வது ஒன்றுதான்: அன்று ஊர் சந்தடியற்று இருந்தது, குளம் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது, ஆண்டு முழுக்கத் தண்ணீர் நின்றது, கேமரா பொய் சொல்லாது. இதில் எதையும் அந்தப் படத்தைக் கொண்டு நிறுவ முடியாது.

சந்தடியை முதலில் பார்ப்போம். டிரைப் பெரும்பாலும் பயன்படுத்தியது மெழுகேற்றிய தாள் நெகட்டிவ். அதில் உருவம் பதிய நிமிடக்கணக்கில் வெளிச்சம் வேண்டும். அந்த நேரம் முழுதும் அசையாமல் நின்றவர் மட்டுமே பதிவார். குளித்துக் கரையேறியவரும் குடத்தோடு நடந்தவரும் தடமின்றி மறைந்துபோவார்கள். மேலும், சென்னை மாகாண அரசு அவரை நியமித்தது முதன்மையாகப் பழங்கட்டடங்களைப் பதிவு செய்யத்தான். மக்கள் கூட்டம் அவரது முதன்மை நோக்கம் அல்ல.

நீரின் தெளிவும் அப்படித்தான். அத்தனை நிமிடத்தில் எழுந்தடங்கும் சிற்றலைகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து சமதளமாகிவிடும். காற்றடித்த குளமும் படத்தில் வழவழப்பாகத் தெரியும். அது தெளிந்த நீரா, பாசி படர்ந்த நீரா என்று அந்த வழவழப்பு சொல்லாது.

மேகத்தை வைத்துப் பருவம் கணிப்பவர்களும் உண்டு. அன்றைய நெகட்டிவ் நீல ஒளியை மிகுதியாக வாங்கும். அதனால் வானம் வெளுத்து வெறுமையாகிவிடும். டிரைப்புக்கு அந்த வெறுமை பிடிக்கவில்லை. பல நெகட்டிவ்களில் தூரிகையால் தானே மேகம் தீட்டினார். மரங்களின் இலைத்திரளையும் திருத்தினார். அவர் படத்து மேகத்திலிருந்து மழையைக் கணிப்பது வீண்.

ஆண்டு முழுக்கத் தண்ணீர் என்ற வாதம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. திருமலை நாயக்கர் அமைத்த இக்குளத்துக்கு வைகையிலிருந்து வாய்க்கால் வழியே நீர் வரும். தை மாதத் தெப்பத் திருவிழா இங்கேதான் நடக்கிறது. டிரைப் மதுரையில் இருந்தது 1858இன் தொடக்க மாதங்களில், அதாவது தையை ஒட்டிய காலம். அப்போது குளத்தில் நீர் நின்றதை வைத்துச் சித்திரை வெயிலிலும் நின்றது என்று எப்படிச் சொல்வது? நம் காலத்தில் நீரின்றித் தெப்பம் மிதக்காமல் ‘நிலைத்தெப்பமாக’ விழா நடந்த ஆண்டுகள் வேதனையானவை. அதனால் வாய்க்கால்களை மீட்கும் கோரிக்கை முற்றிலும் நியாயம். அந்தக் கோரிக்கைக்கு நில ஆவணங்களும் வாய்க்காலின் தடமும் வலுவான சாட்சிகள். ஒற்றைப் படத்தை நம்பி வழக்காடினால் எதிர்த்தரப்பு எளிதில் உடைத்துவிடும்.

அதற்காகப் படம் பயனற்றது என்று தள்ளுவதும் தவறு. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒரே நீள் படமாக இணைத்தவரும் இதே டிரைப்தான். கல் அசையாது, ஆகவே கல்லைப் பற்றி அவர் படங்களை நம்பலாம். தெப்பக்குளத்திலும் மண்டபத்தின் அமைப்பையும் அன்றைய நீர்மட்டத்தையும் அதில் தாராளமாகப் படிக்கலாம். இத்தகைய பதிவு தொடராமல் போனதுதான் இழப்பு: சென்னை மாகாண ஆளுநர் டிரெவெலியன் இதை ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்திவிட்டார்.

இந்தப் படத்தைப் பகிர்பவர்கள் எடுத்தவர் பெயரையும் ஆண்டையும் தவறாமல் சேர்த்துப் போடுங்கள். ‘அந்தக் காலத்தில் எப்போதும்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள்.