கடல்பாசி கஷாயமும் சொத்தைப்பல்லும் – கொஞ்சம் பொறுங்க சாமி!

"கடல்பாசி நானோ துகள் சொத்தைப்பல் கிருமியை ஒழிக்கிறது"ன்னு அடிக்கடி ஏதாவது ஒரு செய்தி கண்ணுல படுது. போன வாரம் எங்க சித்தப்பா அதைக் குடும்ப வாட்ஸப் குழுவுல போட்டு, "இனிமே பல் டாக்டருக்கெல்லாம் வேலையில்ல"ன்னு வேற எழுதியிருந்தார். எனக்கு இதுல ரெண்டு மனசு. ஆராய்ச்சி வேணும், ஆனா இந்த ஆர்ப்பாட்டம் வேணாம்.

முதல்ல அது என்னன்னு பார்த்துடுவோம். மன்னார் வளைகுடாவுல கட்டக்கோரைன்னு சொல்ற பழுப்புப் பாசி, அதாங்க சர்காசம். அதைக் கழுவி, காயவச்சு, பொடிச்சு, தண்ணியில கொதிக்க வச்சா ஒரு கஷாயம் வரும். அதுல வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்தா கொஞ்ச நேரத்துல நிறம் பழுப்பா மாறும். பாசியில இருக்கிற சர்க்கரைகளும் பாலிஃபீனால்களும் கரைஞ்சிருக்கிற வெள்ளியைக் குட்டிக்குட்டித் துகளா மாத்தி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்காம போர்வையும் போர்த்தி விடுது. கடுமையான ரசாயனம் தேவையில்ல, அதனால 'பசுமை'ன்னு பேரு. சர்காசத்தை வச்சு தங்க நானோ துகளையே நம்மூர் ஆய்வாளர்கள் 2007ல செஞ்சு காட்டிட்டாங்க. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

ஆனா கிருமியைக் கொல்றது யாரு? பெரும்பாலும் வெள்ளி! பாசி இங்க சமையல்காரர் மட்டும்தான். பாசி இல்லாம செஞ்ச வெள்ளித் துகளை விட இது எவ்வளவு தேவலாம்னு பக்கத்துல வச்சு ஒப்பிட்டிருக்காங்களான்னுதான் நான் முதல்ல தேடுவேன்.

அடுத்தது சோதனை. ஒரு தட்டுல அகார் ஜெல்லியை ஊத்தி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸை (1924ல கிளார்க் கண்டுபிடிச்சுச் சொன்ன ஆசாமி) வளர்த்து, நடுவுல மருந்தை வச்சு, சுத்தி எத்தனை மில்லிமீட்டர் காலியாகுதுன்னு அளக்கிறாங்க. அந்த அகாரும் கடல்பாசிதான், மரிக்கொழுந்துப் பாசியில இருந்து எடுக்கிறாங்க. பாசி மேல வளர்த்துப் பாசியால அடிக்கிறது :-) தமாஷ் இருக்கட்டும். மருந்து ஜெல்லிக்குள்ள எவ்வளவு தூரம் பரவுதுங்கிறதையும் சேர்த்துத்தான் அந்த வட்டம் காட்டும். துகள் ஒண்ணோட ஒண்ணு திரண்டுட்டா பரவவே பரவாது. அப்ப நல்ல மருந்தும் தோத்த மாதிரி தெரியும்.

நம்ம வாயோ தட்டு இல்ல. மியூட்டன்ஸ் சீனியைச் சாப்பிட்டு, பசை மாதிரி குளூக்கானைச் சுரந்து, அதுக்குள்ள கூட்டமா குடித்தனம் பண்ணும். அந்தப் படலத்துக்குள்ள இருக்கிற கிருமி, தனியா மிதக்கிறதை விட பல மடங்கு மருந்தைத் தாங்கும். உள்ளேயே அமிலம் உண்டாகி, பி.எச். 5.5 வாக்குல இறங்கினா எனாமல் கரைய ஆரம்பிக்கும். ஆய்வுக்கூடத்துல மருந்துக்கு 24 மணி நேரம் அவகாசம். நாம பல் தேய்க்கிறது ரெண்டு நிமிஷம், அப்புறம் எச்சில் வந்து அடிச்சுட்டுப் போயிடும். இந்த வித்தியாசத்தைச் செய்தி எழுதறவங்க யாரும் சொல்றதே இல்ல.

இன்னொண்ணு, வாயில 700 வகை பாக்டீரியாவாவது உண்டுங்கிறாங்க. அதுல மியூட்டன்ஸை அடக்கி வைக்கிற நல்லவங்களும் இருக்காங்க. வெள்ளி ஆள் பார்த்து அடிக்காது. அதனால கொல்றதை விட, பாசியோட சர்க்கரைப் பொருட்களை வச்சு கிருமி பல்லுல ஒட்டவிடாம தடுக்கிற வழியில போறவங்க மேலதான் எனக்கு நம்பிக்கை.

வெள்ளி ஏற்கெனவே பல்லுக்கு வந்தாச்சுங்கிறதும் பலருக்குத் தெரியாது. சில்வர் டயமைன் ஃபுளோரைடுன்னு ஒரு சொட்டு மருந்து. குழந்தைங்க சொத்தைப்பல்லுல டிரில் போடாம தடவலாம், சொத்தை பரவறது நிக்கும். 2021ல உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்லயே ஏறிடுச்சு. ஒரே குறை, தடவின சொத்தை கறுப்பாயிடும். நானோ துகள் வெள்ளி கறுப்பாக்காம அதே வேலையைச் செய்யும்னு குழந்தைங்க வாயில சோதிச்சு நிரூபிச்சா, நானே சித்தப்பாவுக்கு முதல் வாட்ஸப் அனுப்புவேன். அதே நிறுவனத்தோட 2022 அறிக்கைப்படி உலகத்துல 50 கோடிக்கு மேல குழந்தைங்களுக்குப் பால்பல் சொத்தை. அவங்களுக்கு இன்னிக்கே உதவறது ஃபுளோரைடு பேஸ்ட்டும், மிட்டாயைக் குறைக்கிறதும்தான். இதை யாரும் வாட்ஸப்புல போட மாட்டேங்கறாங்க!

ராமநாதபுரம் கரையில விரல்ல துணியைச் சுத்திக்கிட்டு, கண்ணாடி மாட்டிக்கிட்டு, மூச்சை அடக்கி முங்கிப் பாசி எடுக்கிற பெண்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. 1986ல கடல் தேசியப் பூங்கா வந்ததுல இருந்து தீவுப் பக்கம் போனா வனத்துறையோட இழுபறிதான். நாளைக்கே இந்தப் பாசிக்கு மருந்துக் கம்பெனி விலை வந்தா, அது யார் கைக்குப் போகும்? நானோ ஆய்வுத் திட்டம் எழுதறவங்க இதுக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம்.

பி.கு.: தருமபுரி, கிருஷ்ணகிரி மாதிரி கிணத்துத் தண்ணியிலேயே ஃபுளோரைடு அதிகமா இருந்த ஊர்க்காரங்க, சின்னப் பசங்களுக்கு எந்த பேஸ்ட்டுன்னு பல் மருத்துவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.