எரிந்த இடத்தில் மீண்டும் அடுப்பு



ஜனவரி முதல் மார்ச் வரை மலைநாட்டில் பனியும் வெயிலும் மாறி மாறிப் புல்லைக் காய வைக்கின்றன. நானுஓயா பக்கத்து மேடுகளில் மானாப் புல்லில் விழும் ஒரு பொறி, காற்றோடு சேர்ந்து சரிவேறிவிடும். அதைவிடக் கொடியது லயத்துக்குள் பிடிக்கும் தீ. 10 அடிக்கு 12 அடி காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு, எல்லோருக்கும் ஒரே நீளக் கூரை. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய பல லயங்களில் நடுச்சுவர் கூரையைத் தொடுவதில்லை. ஒரு வீட்டில் பிடித்த நெருப்பு, நுவரெலியாவிலிருந்து தீயணைப்பு வண்டி வருவதற்குள் அத்தனை வீட்டையும் தின்றுவிடுகிறது.

இப்படிச் செய்தி வரும்போது, "என்ன பாவம் செய்தார்களோ" என்று நம்மில் சிலர் சொல்லிவிடுகிறோம். சகோதரிகளே, நாவைக் காத்துக்கொள்ளுங்கள்! அல்கலம் அத்தியாயத்தில் ஒரு தோட்டக்காரர்களின் சரித்திரம் வருகிறது. ஏழை எவனும் உள்ளே வராதபடி அதிகாலையிலேயே கனிகளைப் பறித்துவிடத் திட்டமிட்டார்கள். விடிவதற்குள் தோட்டம் அழிந்து கிடந்தது. பொருளை இழந்தவர்மேல் பழி போட அல்ல, கொடுக்க மனமில்லாதவர் திருந்தவே அந்தச் சரித்திரம் சொல்லப்பட்டது. நாம் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சேதத்தால் பொருளை இழந்தவர், தம் வாழ்க்கை மீண்டும் நிலைபெறும் வரை பிறரிடம் கேட்கலாம் என்று நபி (ஸல்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். "நிலைபெறும் வரை" என்பதைக் கவனியுங்கள். முதல் நாள் ஒரு மூட்டை அரிசி, இரண்டாம் நாள் பழைய துணி, மூன்றாம் நாள் மறதி என்பதல்ல உதவி.

வாழ்க்கை நிலைபெற மூன்று காரியங்கள் நடக்க வேண்டும்.

முதலாவது கூரை. எரிந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்தி மீண்டும் போடுகிறார்கள். சூட்டில் அதன் நாகப்பூச்சு போய்விடுவதால் சீக்கிரமே துருப்பிடித்து ஒழுகும். அது விறகுக் கொட்டகைக்குத்தான் ஆகும். வீட்டுக்குப் புதுத் தகரம் வேண்டும். வெடிப்பு விட்ட சுவர்மேல் பாரம் ஏற்றக் கூடாது. மேசனைக் கூட்டி வந்து காட்டிய பிறகே கட்ட வேண்டும். இந்த முறை நடுச்சுவரைக் கூரை வரை எழுப்பச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுத் தீ உடனே தாவாது.

இரண்டாவது மண். கருகிய சரிவைச் சுத்தம் செய்கிறோம் என்று வேரைப் பிடுங்கிவிடாதீர்கள். செத்த வேரும் சில காலம் மண்ணைப் பிடித்து வைத்திருக்கும். சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டி, கல் அடுக்கி, கிளைகளைக் கிடத்தினால் மழை மண்ணை வாரிக்கொண்டு போகாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலைநாட்டுச் சரிவுகள் என்ன பாடுபட்டன என்பதைப் பார்த்தோம். விறகுச் சாம்பல் கீரைப் பாத்திக்கு நல்லது. பிளாஸ்டிக்கும் வயரும் எரிந்த சாம்பலை மட்டும் பாத்திக்குப் போடக் கூடாது. வேர் பிழைத்த தேயிலை, கவ்வாத்துக்குப் பிறகு போலத் துளிர்க்கும்.

மூன்றாவது பத்திரம். அடையாள அட்டை, பிறப்புச் சான்று, சேமலாப நிதிக் கடிதம், பிள்ளையின் பரீட்சைச் சான்றிதழ் எல்லாம் தகரப் பெட்டிக்குள்ளேயே கருகியிருக்கும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் உரிய அதிகாரியின் உறுதியும் இருந்தால்தான் புது அடையாள அட்டை எடுக்கலாம். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகும் பெண்ணுக்கு இந்த அலைச்சல் பெரும் பாரம். படித்த நம் பெண் ஒருத்தி கூடப் போய் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் ஸதகாதான்.

இத்தனை பாடுபட்டுக் கட்டினாலும், லயமும் அது நிற்கும் நிலமும் அவர்களுடையதல்ல. 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளிடம் போன பிறகும் நிலம் அரசுடையதாகவே இருந்தது. இந்திய அரசின் உதவியில் மலையகத்தில் முதலில் 4,000 தனி வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 7 பேர்ச்சஸ் காணியும் உறுதியும் என்ற பேச்சும் நடந்தது. ஆனாலும் ஏராளமானோர் இன்னும் லயத்தில்தான் இருக்கிறார்கள். தனித்தனி வீடாக இருந்தால் ஒரு வீட்டுத் தீ ஒரு வீட்டோடு நின்றிருக்கும்.

மலைநாட்டு நகரங்களில் கடை வைத்திருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு, தோட்டத்துச் சம்பள நாள்தான் வியாபார நாள். கொழுந்து பறித்த கைகளின் காசில் நம் வீட்டு உலை கொதித்திருக்கிறது. அண்டை வீட்டார் உரிமையை மார்க்கம் வலியுறுத்தும்போது அவர் எந்த மதத்தவர் என்று பிரித்துப் பார்க்கவில்லை.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு லயம் எரிந்திருந்தால், மூன்று மாதம் கழித்தும் ஒரு முறை போய்ப் பாருங்கள். கூரை ஒழுகுகிறதா, அட்டை கிடைத்ததா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று கேளுங்கள். அல்லாஹ் நம் எல்லோருடைய வீடுகளையும் தீயிலிருந்து காப்பானாக! ஆமீன்.